நாய்க்குப் புற்றுநோயா? சிகிச்சை எவ்வளவு பலிக்கும் என்று கேட்டறியும் வழி (கோலாலம்பூர், சிலாங்கூர் வாசிகளுக்கு)

"கேன்சர் மாதிரி இருக்கு" என்று டாக்டர் சொன்னதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் எத்தனை நாள் இருக்கும்?" என்பதுதான். எங்கள் டைகருக்கு லிம்போமா (நிணநீர்க் கட்டிகளில் வரும் புற்று) வந்தபோது நானும் அதையே கேட்டேன். போன இடத்திலெல்லாம் வேறு வேறு பதில். ஒருவர் ஒரு மாதம் என்றார், இன்னொருவர் ஒரு வருடம் என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. பதில் சொல்லத் தேவையான விவரம் அப்போது யார் கையிலும் முழுதாக இல்லை, அவ்வளவுதான்.

அந்த விவரம் நான்கு: கட்டியின் பெயர், அதன் தரம் (எவ்வளவு மூர்க்கமானது), எவ்வளவு பரவியிருக்கிறது, முதல் சிகிச்சைக்கு அது எப்படி அடங்குகிறது. இவை இல்லாமல் சொல்லும் எந்தக் கணக்கும் ஊகம்தான். இவற்றை எந்த வரிசையில், எந்தக் காகிதங்களோடு, எவ்வளவு செலவில் சேர்ப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன். மருந்தைத் தீர்மானிப்பது உங்கள் டாக்டர். அவரிடம் சரியான கேள்வியோடு போக இது உதவும்.

1. பரிசோதனைக்கு முன் ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் நாய்களுக்குத் தோல் அரிப்பு ஓயாது. அதனால் நாய் வளர்க்கும் பல வீடுகளில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மிச்சம் கிடக்கும். கழுத்தில் வீக்கம் தெரிந்ததும் அதில் ஒன்றைக் கொடுத்துவிடுகிறோம். லிம்போமாவாக இருந்தால் வீக்கம் சில நாளில் வற்றிவிடும், நாய் துள்ளிக் குதிக்கும், சரியாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள். உண்மையில் இரண்டு கெடுதல் நடந்திருக்கும். ஊசியில் எடுத்துப் பார்க்க வேண்டிய செல்கள் குறைந்து, நோயைப் பெயர் சொல்லி உறுதிப்படுத்துவது கடினமாகிவிடும். பிறகு கொடுக்கப்போகும் கீமோ மருந்துகளுக்கும் புற்று செல்கள் பழகி, எதிர்த்து நிற்க ஆரம்பிக்கும்.

ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல், எந்தத் தேதியில் எத்தனை மில்லிகிராம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சுத் திணறல் போன்ற அவசரத்தில் டாக்டரே ஸ்டீராய்டு போட நினைக்கலாம். அப்போதும் "முதலில் சாம்பிள் எடுத்துவிடலாமா?" என்று கேளுங்கள். சில நிமிட வேலைதான்.

இன்னொன்று, கட்டிக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்து போடுவது நம் வீடுகளில் வழக்கம். பாட்டி ஆசையாகத்தான் சொல்வார். ஆனால் தோல் வெந்து அழற்சி வந்துவிட்டால் ஸ்லைடில் பார்ப்பவருக்குக் குழப்பம் வரும். வேண்டாம்.

2. கட்டியின் பெயர்: முதலில் ஊசி, தேவைப்பட்டால் பயாப்ஸி

கட்டி பட்டாணி அளவுக்கு மேல் இருக்கிறதா, ஒரு மாதமாக அங்கேயே இருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் ஊசியால் குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். மயக்க மருந்து பெரும்பாலும் தேவையில்லை. மெல்லிய ஊசியில் வரும் துளியை ஸ்லைடில் தடவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கிளினிக்கிலேயே பார்த்தால் அன்றே தெரியலாம், வெளி லேபுக்குப் போனால் சில நாள் ஆகும். செலவு சில நூறு வெள்ளிக்குள் முடிகிற வேலை. வயதான நாயின் வயிற்றோரம் தொங்கும் மெத்தென்ற கட்டி வெறும் கொழுப்புக் கட்டியாகவும் இருக்கலாம். "தொட்டுப் பார்த்தேன், கொழுப்புதான்" என்ற பதிலோடு மட்டும் வீட்டுக்கு வராதீர்கள். மாஸ்ட் செல் கட்டி என்ற ஒரு வகைப் புற்று, தொடுவதற்கு அப்படியே கொழுப்புக் கட்டி போல இருக்கலாம்.

கழுத்து, தோள், முழங்கால் பின்புறம் என்று எல்லா நிணநீர்க் கட்டிகளும் வீங்கியிருந்தால் உண்ணிக் காய்ச்சலையும் கேட்டுப் பாருங்கள். உண்ணி பரப்பும் எர்லிகியா, பபேசியா கிருமிகள் இரண்டும் நம் நாட்டில் சாதாரணம். நிணநீர்க் கட்டி வீங்குவது, பிளேட்லெட் குறைவது, நாய் சோர்ந்து கிடப்பது எல்லாம் அதிலும் வரும். அது உள்ளே இருக்கும்போது கீமோவை ஆரம்பித்தால் இரத்த அணுக்கள் எதனால் விழுகின்றன என்றே தெரியாமல் போகும். ஒரு இரத்தப் பரிசோதனையில் தீர்கிற சந்தேகம் இது.

ஊசியில் தெளிவாகவில்லை என்றால், அல்லது தரம் தெரிய வேண்டும் என்றால், பயாப்ஸி. திசுவை வெட்டி, அதைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்புவார்கள். ரிப்போர்ட் வர ஒன்றிலிருந்து இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. என் அக்கா வீட்டு நாய்க்கு ஒரு கிளினிக்கில் தோள் கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். தையலும் சுத்தம், நாயும் நலம். ரிப்போர்ட் எங்கே என்று கேட்டபோது, கட்டியைக் குப்பையில் போட்டாகிவிட்டது என்றார்கள். அது என்ன கட்டி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆகவே அறுவைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டே கேள்வி: "எடுத்ததை லேபுக்கு அனுப்புவீர்களா? ஓரங்களுக்கு மை தடவி அனுப்புவீர்களா?" மை தடவினால்தான் வெட்டிய விளிம்பு வரை புற்று செல் வந்திருக்கிறதா என்று லேபில் உறுதியாகச் சொல்ல முடியும்.

3. ரிப்போர்ட்டில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்

வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வரிச் சுருக்கம் போதாது. முழு ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் நோயின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் அதிக உருப்பெருக்கத்தில் பத்து காட்சிப் பரப்பைப் பார்த்து, பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் எத்தனை என்று எண்ணிய கணக்கு அது. நோய் இனி எப்படிப் போகும் என்ற முன்கணிப்பில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

தோலில் வரும் மாஸ்ட் செல் கட்டியை எடுத்துக்கொள்வோம். 2011-இல் வந்த இரண்டு அடுக்குத் தர முறைப்படி, அந்தக் கணக்கு ஏழு அல்லது அதற்கு மேல் இருந்தாலே உயர் தரம். செல்களின் உருவத்தைப் பார்க்கும் வேறு அளவுகோல்களும் உண்டு. உயர் தரம் என்றால் பாதி நாய்கள் நான்கு மாதத்துக்குள் இறந்துவிட்டன. தாழ்ந்த தரத்தில் பாதிக்கு மேல் இரண்டு வருடம் தாண்டி இருந்தன. ஒரே பெயர், ஒரே மாதிரி கட்டி, இவ்வளவு வித்தியாசம். இந்தத் தர முறை தோல் கட்டிக்கு மட்டுமே. தோலுக்கு அடியில் கொழுப்பில் வளரும் மாஸ்ட் செல் கட்டிக்கு இது பொருந்தாது. ரிப்போர்ட்டில் எது என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள்.

லிம்போமா என்றால் எந்த வகை வெள்ளணுவில் வந்தது, 'பி' செல்லா, 'டி' செல்லா என்று கேளுங்கள். அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். ஊசி எடுக்கும் அன்றே சாயம் போடாத ஸ்லைடு இரண்டு மூன்று கூடுதலாகத் தடவி வைக்கச் சொல்லுங்கள். பிறகு 'பார்' (PARR) என்ற மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டி வந்தால் நாயை மறுபடி குத்த வேண்டியிருக்காது. இதே வகையைப் பிரித்துச் சொல்லும் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற இன்னொரு பரிசோதனைக்கு உயிருள்ள செல் தேவை, அதற்குக் காய்ந்த ஸ்லைடு உதவாது.

4. எவ்வளவு பரவியிருக்கிறது

நெஞ்சு எக்ஸ்ரே மூன்று கோணத்தில் எடுக்க வேண்டும்: வலப்பக்கம், இடப்பக்கம், நேராக. செலவைக் குறைக்க ஒன்று போதும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாய் ஒரு பக்கமாகப் படுத்திருக்கும்போது அடியில் உள்ள நுரையீரல் அமுங்கி, அங்கிருக்கும் புள்ளி மறைந்துவிடும். அப்புறம் வயிற்று ஸ்கேன், முழு இரத்தப் பரிசோதனை, சிறுநீர். லிம்போமாவில் கால்சியம் கூடியிருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. சாப்பாடும் விளையாட்டும் குறையாத நாயின் முன்கணிப்பு, சோர்ந்து வாந்தி எடுக்கும் நாயின் முன்கணிப்பைவிட நன்றாக இருக்கும். அதையும் டாக்டர் தனியாகக் குறிப்பார்.

சிடி ஸ்கேன் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும், மயக்க மருந்தும் தேவை. என் கருத்து இது: "இதில் என்ன வந்தாலும் நாம் செய்யப்போவது மாறுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மாறும் என்றால் எடுங்கள், உதாரணமாகக் காலை எடுப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு முன். மாறாது என்றால் அந்தப் பணம் மருந்துக்கு உதவும்.

5. நோய்க்கு நோய் கணக்கு

முதலில், 'மீடியன்' என்று டாக்டர் சொல்லும் எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். பத்து மாதம் என்றால் பாதி நாய்கள் அதற்கு முன் இறந்தன, பாதி அதைத் தாண்டி இருந்தன என்று பொருள். உங்கள் நாய்க்குக் குறித்த தேதி இல்லை.

லிம்போமா: சிகிச்சை இல்லாமல் நான்கிலிருந்து ஆறு வாரம். பிரெட்னிசோலோன் மட்டும் கொடுத்தால் ஒன்றிரண்டு மாதம். வின்கிரிஸ்டின், சைக்ளோபாஸ்பமைட், டாக்ஸோரூபிசின், பிரெட்னிசோலோன் நான்கும் சேர்ந்த 'சாப்' (CHOP) சிகிச்சை கிட்டத்தட்ட ஐந்து மாதம் நடக்கும். அதில் நூற்றுக்கு 80 முதல் 90 நாய்களுக்கு நோய் அடங்கும். 'பி' செல் என்றால் மீடியன் ஏறக்குறைய ஒரு வருடம், 'டி' செல் என்றால் ஆறு முதல் ஒன்பது மாதம். ஆனால் 'டி' என்ற எழுத்தைப் பார்த்ததும் மனம் உடைய வேண்டாம். மெதுவாக வளரும் 'டி' வகை ஒன்று உண்டு, அதில் நாய்கள் வருடக்கணக்கில் இருக்கின்றன. அடங்குவது வேறு, குணமாவது வேறு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லிம்போமா பெரும்பாலும் திரும்ப வரும்.

கால் எலும்புப் புற்று: காலை எடுத்தால் வலி போகும், மீடியன் நான்கைந்து மாதம். அதோடு கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்தால் பத்து மாதத்தை ஒட்டி. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் பத்தில் ஒன்பது நாய்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத பரவல் அப்போதே இருக்கும். அதனால்தான் அறுவைக்குப் பிறகும் கீமோ.

மண்ணீரலில் வரும் ஹேமாஞ்சியோசார்கோமா (இரத்தக் குழாய்ப் புற்று): அறுவை மட்டும் என்றால் ஒன்றிலிருந்து மூன்று மாதம், டாக்ஸோரூபிசினும் சேர்ந்தால் நான்கிலிருந்து ஆறு. கட்டி வெடித்து வயிற்றில் இரத்தம் கொட்டியிருந்தால் கணக்கு இன்னும் கீழே. ஆனால் மண்ணீரல் கட்டி எல்லாம் புற்று இல்லை. ஸ்கேனை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிட முடியாது, ரிப்போர்ட் வரட்டும்.

மடிக் கட்டி: பெண் நாய்களில் ஏறக்குறைய பாதி தீங்கற்றவை. மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்தால் நல்லது.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்களுக்கு ஒரு நல்ல செய்தி. பிறப்புறுப்பிலோ மூக்கிலோ காலிஃப்ளவர் போலப் புடைத்து இரத்தம் ஒழுகும் கட்டி, நாய்க்கு நாய் தொற்றும் பால்வினைக் கட்டியாக இருக்கலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, நான்கிலிருந்து எட்டு வாரம் போட்டால் பத்தில் ஒன்பதுக்கு மேல் முழுதாகக் குணமாகிறது. இதைப் பார்த்து "கேன்சர், தூங்க வைத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், ஊசியால் குத்தி எடுத்துப் பார்க்கும் வரை சம்மதிக்காதீர்கள்.

6. பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது

செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் பரிந்துரை மருத்துவமனைகளும் உண்டு. எங்கே போனாலும் முன்பதிவு செய்யுங்கள், உங்கள் வழக்கமான டாக்டரிடம் ரெஃபரல் கடிதம் வாங்குங்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர்களும் சேர்ந்து பார்ப்பார்கள், நேரம் பிடிக்கும். அன்று முழுதும் லீவு போட்டுவிடுங்கள்.

ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: தடுப்பூசி அட்டை, எல்லா இரத்தப் பரிசோதனைகளும் தேதி வரிசையில், ஊசி அல்லது பயாப்ஸி ரிப்போர்ட் முழுதாக, கொடுத்த மருந்துகளின் பெயரும் அளவும் தேதியும், உங்கள் அடையாள அட்டை. எக்ஸ்ரேயைக் கணினித் திரையிலிருந்து கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டு போனால் பயனில்லை, மறுபடி எடுக்கச் சொல்வார்கள். எக்ஸ்ரேயின் அசல் டைகாம் (DICOM) கோப்பை மின்னஞ்சலிலோ பென்டிரைவிலோ கேளுங்கள். பயாப்ஸி செய்த லேபில் உங்கள் நாயின் மாதிரி எண் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியிலிருந்து பிறகு வேறு பரிசோதனை செய்ய அந்த எண்தான் வேண்டும்.

ரயிலில் நாயை ஏற்ற முடியாது. சொந்தக் காடி இல்லாதவர்கள் கிராப்பில் செல்லப்பிராணிகளுக்கான வண்டியை முன்கூட்டியே பதியுங்கள். ரவாங், கிள்ளான் பக்கமிருந்து வருபவர்கள் காலை நெரிசலையும் கணக்கில் சேருங்கள்.

கோலி வகை அல்லது அதன் கலப்பு நாயாக இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மரபணு மாற்றத்தால் வின்கிரிஸ்டினும் டாக்ஸோரூபிசினும் அவற்றுக்கு விஷமாகிவிடலாம்.

7. பணம்

'சாப்' முழுவதும் முடிய பல ஆயிரம் ரிங்கிட். மருந்தின் அளவு உடல் பரப்பைப் பொறுத்தது, ஆகவே ஷிட்சூவுக்கும் ராட்வைலருக்கும் பில் வேறு. மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். அதில் மருந்து மட்டுமா, அல்லது ஒவ்வொரு முறையும் எடுக்கும் இரத்தப் பரிசோதனை, வாந்தி மாத்திரை, ஆலோசனைக் கட்டணம் எல்லாம் சேர்ந்ததா என்று பிரித்துக் கேளுங்கள். மதிப்பீட்டைவிட பில் எகிறுவது இங்கேதான். அவசர அட்மிஷன் ஒன்று நேர்ந்தால் சமாளிக்கத் தனியாகக் கொஞ்சம் ஒதுக்குங்கள். செல்லப்பிராணிக் காப்புறுதியை நோய் தெரிந்த பிறகு எடுத்தால் அந்த நோய்க்குப் பணம் வராது.

முழு 'சாப்' கட்டுப்படியாகவில்லை என்றால் டாக்ஸோரூபிசின் மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் முறை உண்டு. பலன் குறைவு, செலவும் கிளினிக் பயணமும் குறைவு. அதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

8. முதல் மாதம்தான் உண்மையான முன்கணிப்பு

நான்காவது விவரம் இங்கேதான் கிடைக்கிறது. டைகரின் தாடைக்குக் கீழே வீங்கியிருந்த இரண்டு நிணநீர்க் கட்டிகளையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து, பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வந்தோம். இடது, வலது, தேதி, எடை, சாப்பிட்டானா, மலம் எப்படி. ஒரே ஆள் அளக்க வேண்டும், ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். ஆளுக்கு ஆள் அழுத்தம் மாறினால் எண்ணும் மாறும். டாக்டர் கேட்டபோது "குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்லாமல் புத்தகத்தை நீட்ட முடிந்தது.

எல்லாக் கட்டிகளும் இயல்பு அளவுக்கு வந்தால் முழு அடக்கம். மொத்த அளவு 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால் பகுதி அடக்கம். 20 விழுக்காடு கூடினால் நோய் முன்னேறுகிறது. முழுதாக அடங்கிய நாயின் கணக்கு நீளும், சீக்கிரம் முழுதாக அடங்காத நாயின் கணக்கு சுருங்கும். முதல் சில வாரங்கள் முடிந்ததும் "இப்போது உங்கள் முன்கணிப்பு என்ன?" என்று மறுபடி கேளுங்கள். அன்றைக்குச் சொல்லும் பதில்தான் உங்கள் நாய்க்கே உரிய பதில்.

மருந்து போட்ட ஏழாவது நாள் முதல் பத்தாவது நாள் வரை வெள்ளணு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் கிளம்புங்கள். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி என்று விடுமுறைகள் குறுக்கே வரும். கிளினிக்கும் லேபும் எந்த நாட்களில் மூடும் என்று முதல் ஊசியன்றே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணிநேரமும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்கின் எண் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கட்டும்.

கீமோ போட்ட பிறகு மூன்று நாள் சிறுநீர், மலம், வாந்தியைக் கையுறை போட்டுத் துடையுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

9. மருந்து பிடிக்குமா என்று லேபிலேயே பார்ப்பது

நாயின் உயிருள்ள லிம்போமா செல்களில் மருந்துகளைச் சோதித்து, அந்த விடைகளைக் கணினி மாதிரியோடு சேர்த்து எது பலிக்கும் என்று கணிக்கும் சேவைகள் வந்துவிட்டன. கலிஃபோர்னியாவில் உள்ள இம்ப்ரிமெட் அப்படிப்பட்ட ஒன்று. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் செல்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும், விலங்கு மாதிரியை நாடு கடத்த அனுமதிப் பத்திரங்கள் வேண்டும். அதற்காக நாட்களை விட்டுவிடாதீர்கள், லிம்போமா காத்திருக்காது. முடியும் என்று உங்கள் மருத்துவமனையே சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

10. திரும்ப வந்தால்

சிகிச்சை முடிந்த பிறகும் மாதம் ஒருமுறை காட்டுங்கள். லிம்போமா திரும்ப வந்தால் இரண்டாவது அடக்கமும் கிடைக்கலாம், பெரும்பாலும் முதலாவதைவிடக் குறைந்த காலமே. முதல் முறை சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்து வந்ததா, மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்ததா என்பதைப் பொறுத்து அடுத்த கணக்கு மாறும். டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கும், வாழ்நாள் முழுவதற்கும் தாண்டக் கூடாத ஒரு மொத்த அளவு அதற்கு உண்டு. இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்ற கணக்கை உங்கள் கோப்பிலும் வைத்திருங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதையும் நாய் நன்றாக இருக்கும்போதே வீட்டில் உட்கார்ந்து பேசி, அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்: எதைச் செய்ய முடியாமல் போனால் போதும் என்று சொல்வோம்? டைகருக்கு நாங்கள் எழுதியது, கேட் திறக்கும் சத்தத்துக்கு எழுந்து வருவதும் சோற்றுத் தட்டைத் தேடுவதும். டாக்டரிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டி வையுங்கள்.